எஸ்டிஏ என்பது யார்?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு உடம்பு தேறிவிட்டது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். மகள் படிப்பை முடித்துவிட்டாள். அவளுடைய பழைய கணினி இப்போது என் மேசைக்கு வந்துவிட்டது. நீ படுகிற அவஸ்தையை அதில்தான் நானும் பட்டேன்.

பென் டிரைவ் செருகியிருந்தால் லினக்ஸ் வருகிறது, எடுத்துவிட்டால் வரமாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாய். லினக்ஸை எழுப்பிவிடும் பூட்லோடர் நிரல் பென் டிரைவிலேயே போய் உட்கார்ந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. டிஸ்க்குகளுக்குப் பெயர் வைப்பது லினக்ஸின் மையமான கர்னல். நிறுவும்போது அது பென் டிரைவை முதலில் கண்டுகொண்டால் அதுதான் எஸ்டிஏ, உள்ளே இருக்கும் டிஸ்க் எஸ்டிபி. க்ரப்பை, அதாவது அந்த பூட்லோடரை, எங்கே எழுதட்டும் என்று கேட்டதும் நீ பழக்கத்தில் எஸ்டிஏ என்று சொல்லியிருப்பாய். ஐடிஇ என்ற பழைய வகைக் கேபிள் இருந்த காலத்தில் எச்டிஏ என்றால் முதல் கேபிளின் மாஸ்டர், அதாவது முதன்மை டிஸ்க், கேபிளை மாற்றினால் ஒழிய பெயர் மாறாது. இப்போது எஸ்டிஏ என்பது கண்ணில் பட்ட வரிசை மட்டுமே.

எனக்கு நடந்ததைக் கேள். இரண்டாவதாக ஒரு டிஸ்க் மாட்டினேன். ஆன் செய்தால் கறுப்புத் திரை, பூட் ஆகும்போது முதலில் வரும் தற்காலிகச் சூழலான இனிட்ராம்எஃப்எஸ் என்று ஒரு வரி, பக்கத்தில் துடிக்கும் கர்சர். க்ரப்பில் ரூட், அதாவது லினக்ஸ் இருக்கும் பார்டிஷன் (டிஸ்க்கின் ஒரு பகுதி), எஸ்டிஏ2 என்று நானே கையால் எழுதி வைத்திருந்தேன். அது இப்போது எஸ்டிபி2 ஆகியிருந்தது. அங்கேயே பிஎல்கேஐடி கட்டளையை அடித்து, ரூட் பார்டிஷனின் யுயுஐடியை, அதாவது அதற்கே உரிய அடையாளக் குறியை, ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். 32 எழுத்துகளும் எண்களும், நடுவே நான்கு கோடுகள். மறுபடி பூட் செய்து, க்ரப் மெனுவில் 'இ' தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் அதைப் போட்டேன். வரவில்லை. தாளைப் பார்த்தால் ஓரிடத்தில் 'பி'யை 8 என்று எழுதியிருக்கிறேன்! திருத்தினேன், வந்துவிட்டது. அன்றே அந்த வரியிலும், எந்தப் பார்டிஷனை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பிலும் யுயுஐடியையே எழுதி வைத்தேன். அது ஃபைல் சிஸ்டத்திலேயே பதிந்திருப்பது. ஃபார்மட் செய்யாதவரை எந்தக் கேபிளில் மாட்டினாலும் மாறாது.

சரி, உன் கணினிக்கு வருவோம். முக்கியமானவற்றை முதலில் வேறு இடத்தில் நகலெடுத்து வை. பென் டிரைவோடு பூட் செய்து, டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை அடி. அளவைப் பார்த்தாலே எது உள் டிஸ்க் என்று தெரியும். அது என்விஎம்இ என்ற புதிய வகை டிஸ்க்காக இருந்தால் என்விஎம்இ0என்1 என்று தனிப் பெயரில் நிற்கும், குழப்பமே இல்லை. கணினி எழுவது பழைய பயாஸ் முறையில் என்றால், க்ரப்பை எழுதும் க்ரப்-இன்ஸ்டால் கட்டளையை அந்த முழு டிஸ்க்குக்குக் கொடு, பார்டிஷன் எண்ணைச் சேர்க்காதே. புதிய யுஇஎஃப்ஐ முறை என்றால் வழி வேறு. பூட்-இஎஃப்ஐ அடைவில் மவுன்ட் ஆகி, அதாவது இணைந்து, இருப்பது பென் டிரைவின் இஎஃப்ஐ பார்டிஷனா (பூட்லோடர் இருக்கும் பகுதி), உள் டிஸ்க்கினுடையதா என்று பார். தப்பானது என்றால் சரியானதை மவுன்ட் செய்து, எஃப்எஸ்டேபிலும் மாற்றிவிட்டு, அதற்கப்புறம் க்ரப்-இன்ஸ்டால் ஓட்டு.

அப்புறம், வெளியே மாட்டும் டிஸ்க் ஏதாவது எஃப்எஸ்டேபில் இருந்தால் அதற்கு, இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று பொருள்படும் நோஃபெயில் என்ற சொல்லைச் சேர்த்துவிடு. இல்லாவிட்டால் அது மாட்டாத நாளில் பூட் 90 விநாடி காத்திருந்து அவசர நிலையில் போய் நின்றுவிடும்.

எதையும் எழுதுவதற்கு முன் எல்எஸ்பிஎல்கே காட்டுவதை அப்படியே எனக்கு அனுப்பு. நானும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்