சக்கரம் சுவரோரம் அல்ல, தரைக்கு அடியில்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் கலிபோர்னியாவின் ஸ்பானிய மிஷன்கள் (ஸ்பானியப் பாதிரிமார் மதம் பரப்ப அமைத்த குடியிருப்புகள்) பற்றிய பயணக் கட்டுரையைப் படித்தேன். சான் கேப்ரியல் மிஷனின் மணிகளுக்கும் பலிபீடத்துக்கும் பக்கம் பக்கமாக இடம் கொடுத்த கட்டுரையாளர், 'அருகில் ஒரு பழைய மாவு ஆலையும் உண்டு' என்று ஒரே வரியில் கைகழுவிவிட்டார். போதாததற்கு, சுவரோரம் நிமிர்ந்து நிற்கும் பெரிய மரச் சக்கரத்தின் படம் வேறு. அந்த ஆலையின் சக்கரம் அப்படிப்பட்டதே அல்ல. மாவு மில் நடத்திப் பிழைத்தவன் நான். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மிஷனைவிட அந்த ஆலையில்தான் அதிக நேரம் நின்றேன். எனவே எழுதாமல் இருக்க முடியவில்லை.

எல் மோலினோ வியேஹோ என்ற அந்தக் கட்டடம் மிஷனிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளி, சான் மரினோ நகரில் இருக்கிறது. சல்விதேயா பாதிரியார் மிஷன் பொறுப்பில் இருந்த காலத்தில், 1816 வாக்கில் கட்டியது. மிஷன் இருப்பது சமதரை. தண்ணீர் வேகமாக விழ மேட்டுநிலச் சரிவு வேண்டும். அதனால்தான் அத்தனை தூரம். சாலையிலிருந்து பார்த்தால் ஓடு வேய்ந்த சாதாரண வீடு. பின்புறம் சரிவில் இறங்கினால் அடித்தளமும், தண்ணீர் வெளியேறிய வளைவும் தெரியும். அடிச்சுவரின் கனம் ஏறக்குறைய ஐந்தடி.

ஓடைத் தண்ணீரைத் தொட்டியில் தேக்கி, குறுகிக்கொண்டே போகும் குழாய் வழியாகக் கீழே பாய்ச்சினார்கள். அது சக்கரத்தின் தட்டுகளில் போய் மோதும். சக்கரம் அங்கே படுத்த நிலையில் சுற்றும். அதன் நடுத்தண்டு நேராக மேலேறி மேல்கல்லைச் சுழற்றும். பல்சக்கரம் எதுவும் கிடையாது. சக்கரம் ஒரு சுற்று என்றால் கல்லும் ஒரு சுற்று. நம் திருகையில் கைப்பிடியைக் கழற்றிவிட்டு அடியில் ஓர் ஓடையைப் பூட்டியது போல.

எளிமையான ஏற்பாடுதான். ஆனால் சக்கர அறை, மாவு அரைக்கும் அறைக்கு நேர் கீழே இருந்தது. தண்ணீர் தெறித்து ஈரம் மேலேறி மாவு நமுத்துப்போனது. மாவு ஈரம் பட்டால் கட்டி தட்டும், புளிக்கும், பூஞ்சை பிடிக்கும். தொழிலில் இருப்பவனுக்கு இதைவிடப் பெரிய தலைவலி இல்லை. 1823-இல் மிஷனுக்குப் பக்கத்திலேயே புதிய ஆலை வந்துவிட்டது. கட்டியவர் ஜோசப் சாப்மன். 1818-இல் கலிபோர்னியாக் கரையைச் சூறையாடிய, அர்ஜென்டினா கொடியுடன் வந்த பூஷார் என்ற கப்பல் தலைவரின் கப்பல்களில் வந்து, அங்கே பிடிபட்டுத் தங்கிவிட்ட நியூ இங்கிலாந்துக்காரர், அதாவது அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதிக்காரர்! கொள்ளைக் கப்பலில் வந்தவர் பாதிரிமாருக்கு ஆலை கட்டிக்கொடுத்த கதையைக் கட்டுரையாளர் எப்படித்தான் விட்டாரோ. அந்த ஆலைக்குத் தண்ணீர் கொண்டுவந்த கல் வாய்க்காலின் ஒரு பகுதியை, ரயில் பாதைப் பணியின்போது கண்டெடுத்து, மிஷன் எதிரே உள்ள பூங்காவில் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'பாதிரிமார் எழுப்பிய' என்று கட்டுரையில் திரும்பத் திரும்ப வருகிறது. கல் சுமந்ததும் சுண்ணாம்பு குழைத்ததும் கோதுமை விதைத்து அறுத்ததும் அந்த மண்ணின் பழங்குடியினரான டோங்வா மக்கள். அவர்கள் விரும்பி வந்த கூலியாட்கள் அல்லர். 1785-இலேயே தொய்புரினா என்ற டோங்வாப் பெண் இந்த மிஷனுக்கு எதிரான கிளர்ச்சியில் முன்னின்று, பிடிபட்டு, ஊரைவிட்டு அனுப்பப்பட்டார். மிஷன் கல்லறைத் தோட்டத்தில் சுமார் 6,000 பழங்குடியினர் புதைக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். மணிகளின் எடைக்கு இடம் இருந்த கட்டுரையில் இதற்கு இடம் இல்லையா?

பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் போகும் வாசகர்கள் பலர் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய ஆலையைப் பார்க்கக் கட்டணம் இல்லை, ஆனால் திறந்திருக்கும் நேரம் குறைவு, விசாரித்துக்கொண்டு போங்கள். சக்கரம் ஓடுவதைப் பார்க்க முடியாது, மாதிரி அமைப்பு ஒன்றுதான் உண்டு. மேலே கூடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் கீழே இறங்கிச் சக்கர அறையையும் பாருங்கள். அடுத்த இதழில் அந்தத் தவறான படத்துக்கு ஒரு திருத்தமும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
மாவு மில்காரர் ஒருவர்,
திண்டுக்கல்