பழைய ஃபிலிம் எங்கே என்று ஏன் கேட்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஏற்காட்டிலிருந்து கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி ஃபேர்லேண்ட்ஸ் வரை வந்தவரிடம் "பழைய ஸ்கேன் இருக்கா?" என்று கேட்டால் முகம் சுருங்கத்தான் செய்யும். இருந்தாலும் சிடி ஸ்கேன் என்றால் இனி கட்டாயம் கேட்போம்.

நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில் உடம்புக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு சுமார் 0.02 மில்லிசீவெர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). மண், காற்று, வானம் என்று இயற்கையிலிருந்தே ஆண்டுக்கு உலக சராசரியாக 2.4 வந்து சேர்கிறது. எனவே எக்ஸ்ரேவுக்குப் பயமே வேண்டாம். வயிற்று சிடி அப்படியில்லை, 8 முதல் 10 வரை போகும். தேவைக்கு எடுத்தால் அதுவும் தப்பில்லை. நோயாளிக்கு இவ்வளவுதான் என்று ஆண்டு வரம்பு எதுவும் கிடையாது. ஆஸ்பத்திரி மாறியதற்காக அதே வயிற்றை மறுபடி எடுப்பதுதான் வீண்.

அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் மருத்துவச் சோதனைகளால் ஓர் ஆளுக்கு ஆண்டுக்குக் கிடைத்த கதிர்வீச்சு சுமார் 0.5 மில்லிசீவெர்ட் என்றிருந்தது, 2006இல் 3 ஆனது. அதில் பாதி சிடியால். 2016இல் சிடி எண்ணிக்கை கூடியும் மொத்தம் 2.2 அளவுக்கு இறங்கியது. மெஷினை ஆளுக்குத் தக்கபடி அமைத்தது ஒரு காரணம். ஐசோடோப் சோதனைகள் (கதிரியக்க மருந்தை உடம்புக்குள் செலுத்திப் பார்ப்பவை) குறைந்தது இன்னொன்று.

இங்கே நிலைமை வேறு மாதிரி. "எதற்கும் ஒரு ஃபுல் ஸ்கேன் போட்டுடுங்க" என்று சீட்டே இல்லாமல் வருகிறார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் சிடி எடுக்க மாட்டோம், கோபித்துக்கொள்ளாதீர்கள். குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கறாராக இருப்போம். வளரும் உடம்பைக் கதிர்வீச்சு கூடுதலாகப் பாதிக்கும். கர்ப்பம் என்று சந்தேகம் இருந்தால்கூட முதலிலேயே சொல்லிவிடுங்கள். (தடதடவென்று சத்தம் போடும் எம்ஆர்ஐயைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள்தான் அதிகம். அதில் இந்தக் கதிர்வீச்சே கிடையாது, அல்ட்ராசவுண்டிலும் இல்லை.)

ஸ்கேன் முடிந்ததும் மெஷின் திரையில் டிஎல்பி என்று ஓர் எண் வரும், அந்த ஸ்கேனில் மெஷின் கொடுத்த மொத்தக் கதிர்வீச்சைக் காட்டுவது அது. வயிற்று சிடிக்கு அது 600 என்றால், 0.015ஆல் பெருக்கினால் 9 மில்லிசீவெர்ட். தோராயக் கணக்குதான், ஆனால் உதவும். அடுத்த மாதத்திலிருந்து அந்த எண்ணை உங்கள் கவர் மேல் எழுதித் தருகிறோம்.

அப்புறம், ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்டரால் பார்த்துச் சொல்ல முடியாது. ஃபிலிமையே மடிக்காமல் கொண்டுவாருங்கள், ஸ்கேனைப் பதிந்து தந்த குறுந்தட்டு (CD) இருந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஸ்கேன் சென்டர் நிர்வாகம்,
ஃபேர்லேண்ட்ஸ், சேலம்.