இரண்டு ‘ராஜாம்பாள்’, ஒரு கிழிந்த பாட்டுப் புத்தகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய துப்பறியும் படங்களைப் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் ஒரு பிழை உறுத்துகிறது. ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ நாவல் 1935இல் படமானது என்று சொல்லிவிட்டு, அதில் ஆர்.எஸ். மனோகர் நடித்ததாகவும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். 1935இல் மனோகருக்குப் பத்து வயது! அவர் நடித்தது, அதே கதையை 1951இல் மறுபடி எடுத்தபோது. அதுதான் அவருக்கு முதல் படமும்கூட.

இன்னொன்று. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ 1935இல் படமானதைச் சொன்னவர், ‘திகம்பர சாமியார்’ படத்தை ஒரு வரியில் தாண்டிவிட்டார். 1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படம் அது. வில்லன் நம்பியாரையே பார்த்துப் பழகிய எங்களுக்கு, வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டுத் துப்பறியும் நம்பியார் வேறு ஆளாகத்தான் தெரிந்தார். அப்போது தருமபுரியும் சேலம் ஜில்லாதான், 1965இல்தான் பிரிந்தோம். அதனால் அதை எங்கள் ஊர்ப் படம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் தாத்தா பாப்பாரப்பட்டியிலிருந்து சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்குப் புளி ஏற்றிப் போனவர். மூட்டை விற்ற கையோடு ஒரு சினிமா பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டாராம். பாட்டிக்கு அதில் கடைசிவரை கோபம். தாத்தாவின் தகரப்பெட்டியில், பாட்டும் கதைச் சுருக்கமும் போட்டுப் படக்கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் இருந்தன. அவற்றில் கரையானுக்குத் தப்பியது ஒன்றே ஒன்று. அட்டை போய்விட்டதால் படத்தின் பெயர் தெரியவில்லை. தாள் பழுத்து, மூலையில் புளிக்கறை. உள்ளே கதைச் சுருக்கம்: மிராசுதார் ஒருவர் ராத்திரியில் காணாமல் போகிறார், நகைப்பெட்டி காலி, தங்கை மாப்பிள்ளையைப் போலீஸ் பிடித்துப்போகிறது, துப்பறிபவர் கிழவி வேஷத்தில் வீட்டுக்குள் நுழைகிறார். அவ்வளவுதான். ‘மிகுதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடித்துவிட்டார்கள்.

எந்தத் திரையில் போய்க் காண்பது? அந்தக் காலப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்று பிரதியே கிடையாது. அப்போது படம் பிடித்த நைட்ரேட் பிலிம் லேசில் தீப்பிடித்துவிடும். அதிலுள்ள வெள்ளிக்காக உருக்கப் போட்டதும் உண்டு. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல் வருவதற்குள் பாதிக்கு மேல் போய்ச் சேர்ந்துவிட்டது. பக்திப் படமென்றால் பரவாயில்லை, முடிவு எல்லோருக்கும் தெரியும். நாவலிலிருந்து எடுத்த படத்துக்கும் புத்தகத்தைத் தேடிப் பிடித்துப் படித்துக்கொள்ளலாம். இதற்குப் பெயரே தெரியாதபோது நான் எங்கே போய்த் தேடுவது? தாத்தாவிடம் கேட்டிருக்கலாம். அவர் இருந்தவரை எனக்கு அந்தப் பெட்டியைத் திறக்கத் தோன்றவில்லை.

கட்டுரையாளர் நிறையப் பார்த்தவர், படித்தவர் என்று தெரிகிறது. கிழவி வேஷத்தை வைத்து இது எந்தப் படம், எந்த நாவல் என்று அவருக்குப் பிடிபட்டால் அடுத்த இதழில் எழுதட்டும். மிராசுதார் என்ன ஆனார் என்பதையும் சேர்த்தே எழுதலாம். புத்தகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஜெராக்ஸ் அனுப்புகிறேன். அசலைக் கேட்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாப்பாரப்பட்டி, தருமபுரி மாவட்டம்.