மாணவர் கச்சேரிக்கு ஒரு கூடம் போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பல்கலைக்கழக இசைத்துறை மாணவர்கள் நடத்தும் கச்சேரிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெரிய அரங்கமும் நல்ல ஒலியமைப்பும் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் தேறிவிடுவார்கள் என்று அதில் இருந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் சங்கீதம் படித்தவன் இல்லை. பாம்பனில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயில் பாடற்குழுவுக்கு ஆர்மோனியம் வாசிக்கிறேன். மகள் பல்கலைக்கழகத்தில் வாய்ப்பாட்டு படித்தாள். அந்த உரிமையில்தான் இந்தக் கடிதம்.

கடைசி ஆண்டில் ஒவ்வொரு மாணவரும் ஒரு மணி நேரம் மேடையேறிப் பாடிக் காட்ட வேண்டும். இந்த மார்ச்சில் அவள் முறை வந்தபோது, நானும் அவள் அம்மாவும் ராத்திரி பஸ் பிடித்துப் போனோம். எந்த ஊர், எந்த நிறுவனம் என்பதெல்லாம் வேண்டாம். சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை. ஐந்நூறு பேர் உட்காரும் அரங்கத்தில் முப்பது பேர் இருந்தோம். அதில் பாதி, அடுத்துப் பாட வேண்டிய பிள்ளைகள். மேடையில் ஆளுக்கொரு மைக், மிருதங்கத்துக்கு மட்டும் இரண்டு. மகள் வர்ணத்தை எடுத்தாள். எங்களுக்குக் கேட்டது மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் 'தொம்' மட்டும்தான். வயலின் பையன் கையைக் காட்டித் தன்னுடையதைக் கூட்டச் சொன்னான். அதைக் கூட்டியதும் இவளுக்குத் தன் குரல் கேட்கவில்லை, இவள் கூட்டச் சொன்னாள். அப்புறம் ஸ்பீக்கரிலிருந்து 'கீ' என்று ஒரு சத்தம். தோடி ராக ஆலாபனையில் மந்திர ஸ்தாயிக்கு, அதாவது கீழ்ச் சுரங்களுக்கு இறங்கி அவள் நிற்கிற இடம் ஒன்று உண்டு. வீட்டில் அதைக் கேட்டால் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். அன்றைக்கு அந்த இடம் வந்ததா, போனதா என்றே தெரியவில்லை.

யாரையும் குறை சொல்லவில்லை. மைக்செட்காரர் தன் வேலையைச் செய்தார். அந்த இசைக்கு அந்த இடம் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

அவள் பாடத்தில் மேலைநாட்டு இசையும் கொஞ்சம் உண்டு. அதில் வருகிற சேம்பர் மியூசிக் பற்றி ஒருநாள் சொன்னாள். அறைக்குள் வாசிக்கிற இசையாம். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்று நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, கோலை ஆட்டி நடத்துகிறவர் யாரும் இல்லாமல், ஒருவர் மூச்சை ஒருவர் கவனித்து வாசிப்பார்களாம். எஸ்டர்ஹாசி என்ற பிரபுக் குடும்பத்திடம் ஏறக்குறைய முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்த ஹைடன் என்ற இசையமைப்பாளர், இந்த நால்வர் இசையில் மட்டும் அறுபதுக்கு மேல் எழுதியிருக்கிறார். அங்கே இசைக் கல்லூரி மாணவர்கள் இதை வாசிப்பதற்கென்றே சின்ன அரங்கம் வைத்திருக்கிறார்கள். தனிக்குரல் கச்சேரி என்றால் பாடுகிறவர் ஒருவர், பியானோ வாசிக்கிறவர் ஒருவர். மைக் கிடையாது.

சரி, நம் கச்சேரி மட்டும் என்ன? குரல், வயலின், மிருதங்கம், பின்னால் தம்புரா. இங்கேயும் நாலு பேர்தான். மைக் நம் மேடைக்கு வந்தது 1930-களில். அதற்கு முன்பு அரண்மனைக் கூடம், கோயில் மண்டபம், கல்யாணப் பந்தல், எல்லா இடத்திலும் வெறுங்குரல்தான். மைக் வந்ததால் நல்லதும் நடந்தது, மறுக்கவில்லை. கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமே என்று உச்ச சுருதியில் தொண்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் போனது. மெல்லிய குரல்காரர்களுக்கும் மேடையில் இடம் கிடைத்தது. ஆனால் முப்பது பேர் கேட்கிற இடத்தில் அது எதற்கு? பாடக் கற்றுக்கொள்ளும் வயதில், பக்கவாத்தியம் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு கனத்தில் வருகிறது என்று காதால் அளந்து குரலைச் சரிசெய்யப் பழக வேண்டாமா? மைக் இருந்தால் அதைச் செய்வது மிக்சர் போர்டில் இருக்கிறவரின் விரல்.

ராமநாதபுரத்துக்காரனாக இதில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு. இன்று எல்லாரும் பின்பற்றுகிற கச்சேரி முறைக்கு வடிவம் கொடுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் என்று பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்கள். அவருடைய குரு பூச்சி சீனிவாச ஐயங்கார் (1860–1919) எங்கள் ஊர்க்காரர், ராமநாதபுரம் மன்னர்களான சேதுபதிகள் ஆதரித்த வித்துவான். பாடகர் சி.எஸ். சங்கரசிவம், மிருதங்கம் சி.எஸ். முருகபூபதி என்று எங்கள் ஊர் வித்துவான்கள் வரிசை நீளும். அப்புறம் பாடகர் ராம்நாட் கிருஷ்ணன் (1918–1973). பிறந்தது ஆலப்புழை, ராமநாதபுரத்தில் சங்கரசிவத்திடம் பாடம். 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சொல்லிக் கொடுத்தார். 1968-இல் நான்சச் நிறுவனம் வெளியிட்ட அவருடைய இசைத்தட்டு ஒன்றை மகள் போனில் போட்டுக் காட்டினாள். பக்கத்து அறையில் ஒருவர் தனக்காகப் பாடிக்கொண்டிருப்பதை, கதவோரம் நின்று கேட்பது போல இருந்தது. கத்தலே இல்லை. அந்தப் பல்கலைக்கழகத்தில் 1970-களில் நவராத்திரி இசைவிழா தொடங்கினார்களாம். ராம்நாட் என்ற பெயர் அவ்வளவு தூரம் போயிருக்கிறது. எங்கள் கரையிலோ, மகள் வீட்டில் சாதகம் செய்வதைத் தவிர நான் உட்கார்ந்து கேட்ட கச்சேரிகளை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம்.

அதனால் இந்த மே மாதம் நாங்களே ஒன்று செய்து பார்த்தோம். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஐஸ் கம்பெனியில் வேலை இருக்காது, கரையில் ஆள் இருக்கும். மகளும் அவளோடு படித்த இரண்டு பேரும் வந்தார்கள். வீட்டுக் கூடத்தில் பாய் விரித்தோம். நாற்பது பேர் உள்ளே, மிச்சம் திண்ணையில். ஃபேன் சத்தம் பாட்டைக் கெடுக்கும், நிறுத்துங்கள் என்றாள் மகள். பாம்பனில், மே மாதத்தில்! நிறுத்தினோம். கடல் ஈரத்தில் மிருதங்கத் தோல் நமுத்துச் சுருதி இறங்கிக்கொண்டே இருந்தது. பையன் பாட்டுக்குப் பாட்டு கல்லால் தட்டி ஏற்றினான். சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே பெரிய வேடிக்கை.

பாட்டெல்லாம் இந்தக் கரையைச் சேர்ந்ததாகவே தேர்ந்தெடுத்திருந்தார்கள். முத்துசுவாமி தீட்சிதர் இராமேசுவரம் இராமநாதசுவாமி மேல் பாடிய 'ராமநாதம் பஜேஹம்'. இராமேசுவரத்தைச் சம்பந்தர் பாடிய பதிகம் இரண்டில் ஒன்று பழம்பஞ்சுரப் பண். அதைச் சங்கராபரண ராகத்தில் பாடினாள். உத்தரகோசமங்கைக்கு மாணிக்கவாசகர். தொண்டிக்குப் பக்கத்தில் குணங்குடியில் பிறந்த மஸ்தான் சாகிபு பாடலைத் தாளமில்லாமல் விருத்தமாக எடுத்தபோது, திண்ணையில் பேச்சு நின்றுபோனது. முடிந்ததும் எங்கள் தெரு சம்மாட்டி (படகு முதலாளி) ஒருவர், சங்கீதத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம், மகளைக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏந்தா, அந்தக் கடைசி இழுப்புல மூச்சு எங்க எடுத்த? நானும் பாத்துக்கிட்டே இருந்தேன், கண்டுபிடிக்க முடியல." மார்ச்சில் அந்த அரங்கத்தில் யாரும் இதைக் கேட்டிருக்க முடியாது.

பல்கலைக்கழக இசைத்துறையினர் உங்கள் இதழைப் படிக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன். மதிப்பெண் போடுகிற கச்சேரியை அறுபது, எழுபது பேர் கொள்ளும் அறையில் மைக் இல்லாமல் வையுங்கள். அதற்கு முன்பாக ஒவ்வொரு மாணவரும் சொந்த மாவட்டத்தில் ஒரு கச்சேரியாவது பாட வேண்டும் என்று பாடத்திட்டத்தில் சேருங்கள். எங்கள் மாவட்டத்தில் அரசு இசைப் பள்ளி இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகள், தங்களைவிட நாலைந்து வயது மூத்தவர் பாடுவதை மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து கேட்டால் அதற்கு ஈடு வேறு ஏது? சேதுபதிகளின் அரண்மனையான இராமலிங்க விலாசத்தில், அந்தச் சுவரோவியங்களுக்கு நடுவே ஒரு சாயங்காலம் அனுமதி கிடைத்தால் இன்னும் நல்லது. பணம் இல்லை என்று சொல்வார்கள். ஒலிபெருக்கி வாடகையைப் பஸ் டிக்கெட்டுக்குத் திருப்பிவிட்டால் சரியாகப் போகும். சாப்பாட்டை ஊர் பார்த்துக்கொள்ளும். தடைக்காலத்திலும் நாட்டுப்படகு மீன் வரும்.

அடுத்த ஏப்ரலுக்கு எங்கள் வீட்டுக் கூடம் தயார். ஃபேன் மட்டும் போட மாட்டோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாம்பன்.