காற்றைத் தாங்கியவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

பந்தய சைக்கிளைச் சுவரில் மாட்டி மூன்று வாரம் ஆகிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் "ஏம்ப்பா நிறுத்திட்ட?" என்று கேட்கிறார்கள். எனக்கோ சிங்கப்பூரில் இருந்துகொண்டு இத்தனை வருஷம் எப்படி ஓட்ட முடிந்தது என்று சொல்லத்தான் ஆசை. அது என் இரண்டு காலால் மட்டும் நடந்த காரியமில்லை.

முதலில் அம்மா. நான் நாலரைக்குக் கிளம்ப வேண்டுமென்றால் அவர் மூன்றரைக்கே எழுந்துவிடுவார். நீண்ட பந்தயத்தில் மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது மணி நேரத்தில் கால் கல்லாகிவிடும். கடையில் விற்கும் ஜெல் பாக்கெட் தினமும் வாங்கக் கட்டுப்படியாகாது. அம்மா வெல்லம் போட்டுப் பிடிகொழுக்கட்டை செய்து, ஒவ்வொன்றையும் அலுமினியத் தாளில் சுற்றி, ஒரே கையால் பிரிக்கும்படி நுனியை முறுக்கி வைப்பார். அதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. மண்டாய் ரோட்டில் நான் ஓட்டிக்கொண்டே தாளைப் பல்லால் கிழிப்பதை ஒருநாள் பஸ்ஸிலிருந்து பார்த்தாராம். மறுநாளிலிருந்து அந்த முறுக்கு.

அடுத்தது ஈசூன் சைக்கிள் கடை அங்கிள். அவருக்குத் தமிழ் தெரியாது; இந்த மடலை நானே போய் வாசித்துச் சொல்லப் போகிறேன். கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையை முடித்து வந்தபோது இரண்டு வருஷத்தில் என் கால் பலம் பாதியாகியிருந்தது. வேண்டாம் என்று விட்டிருப்பேன். அவர்தான் ஒரு பழைய சக்கரத்தைத் தாங்கியில் மாட்டி, கம்பி ஒவ்வொன்றையும் கால் சுற்று திருகிக் கோணலை எடுத்தபடியே 2011 கோப்பன்ஹேகன் கதையைச் சொன்னார். உலகச் சாலைப் பந்தயம், 266 கிலோமீட்டர். பிரிட்டன் அணியில் எட்டுப் பேர். ஏழு பேர் நாள் முழுக்க முன்னால் நின்று காற்றைத் தாங்கினார்கள், கடைசி சில நூறு மீட்டரில் மார்க் கேவண்டிஷ் ஒருவர் பாய்வதற்காக. அந்த ஏழு பேரில் விக்கின்ஸ், புரூம், கெரைன்ட் தாமஸ் மூவரும் இருந்தார்கள். மூவருமே பின்னாளில், நாளுக்கு ஒரு கட்டமாகப் பல நாள் ஓடும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றவர்கள். அத்தனை பெரிய கால்கள் அன்று இன்னொருவருக்காக உழைத்தன, நாட்டுச் சட்டை என்ற ஒரே காரணத்துக்காக.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது புரிவது கொஞ்சம் கடினம். முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டி ஓட்டினால் உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். அந்த மிச்சத்தை ஒருவருக்குச் சேர்த்துக் கொடுப்பதுதான் மற்றவர்களின் வேலை. வருஷம் முழுக்க அதைச் சம்பளம் தரும் அணிக்காகச் செய்வோம். நாட்டுக்காகச் செய்யும் வாய்ப்பு வருஷத்தில் ஒன்றிரண்டு முறைதான் வரும்.

2023-ல் சாங்கி கோஸ்ட் ரோட்டில், இன்னும் விடியாத நேரத்தில், நான் விழுந்தேன். காறை எலும்பு முறிந்தது. பின்னால் வந்த லாரி நின்றது. பின்பக்கம் உட்கார்ந்திருந்த தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் நாலைந்து பேர் குதித்து இறங்கினார்கள். ஒருவர் தோளில் கிடந்த துண்டை என் முழங்கையில் வைத்து அழுத்திக்கொண்டே, "தம்பி, கண்ண மூடாத, பேசிக்கிட்டே இரு" என்றார். சிவகங்கைப் பக்கம் என்று சொன்ன ஞாபகம். ஆம்புலன்ஸ் வரும்வரை இருந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். பெயர்கூடக் கேட்கவில்லையே என்பது இன்றும் உறுத்துகிறது. அண்ணே, இது உங்கள் கண்ணில் பட்டால், அந்தத் துண்டைத் துவைத்து வைத்திருக்கிறேன்.

அதே ஆண்டு ஜூலையில் கேவண்டிஷும் டூரில் விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார். ஓய்வு அறிவித்திருந்தவர், மனத்தை மாற்றிக்கொண்டு இன்னொரு வருஷம் ஓட்டி, 2024-ல் டூரில் தன் 35-ஆவது கட்ட வெற்றியைப் பெற்று, பழைய பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸின் சாதனையைத் தாண்டினார். அவருடைய கடைசிப் பந்தயம் 2024 நவம்பர் 10-ஆம் தேதி, நம் மரீனா பேயில். அதையும் அவரே வென்றார். வேலிக்கு இந்தப் பக்கம் அங்கிளும் நானும் நின்றிருந்தோம். அங்கிள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

பிறகுதான் நான் முடிவெடுக்க வேண்டிய நேரம் வந்தது. எல்லை தாண்டி ஓர் அணி ஒப்பந்தம் தரத் தயாராக இருந்தது. அவர்களுடைய முதல் பந்தயமும் தேசிய அணியின் அழைப்பும் ஒரே வாரத்தில் மோதின. முன்பு நான் ஓட்டிய வேறோர் அணி மூன்று மாதச் சம்பளத்தைத் தராமலே போனதால், உறுதியான ஒப்பந்தம் என்றால் என்ன என்று எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் நாட்டுச் சட்டையைத்தான் எடுத்தேன். 2016-ல் நாலு கட்டம் வென்றிருந்த கேவண்டிஷ், இன்னும் ஐந்து கட்டம் மீதமிருக்க, ரியோ ஒலிம்பிக்குக்குத் தயாராக டூரைவிட்டு வெளியேறினார். அங்கே வெள்ளி வாங்கினார். எனக்குப் பதக்கம் கிடைக்காது என்று போகும்போதே தெரியும். என் வேலை தண்ணீர் சுமப்பது.

அந்த நாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. அணி வண்டிக்குப் பின்வாங்கி, எட்டு போத்தல்களைச் சட்டைக்குள் முதுகுப் பக்கமாகத் திணித்துக்கொண்டேன். ஐஸ் தண்ணீர் முதுகெலும்பில் பட்டு உடம்பே சிலிர்த்தது. ஐந்து கிலோவுக்கு மேல் கனம். அதோடு வண்டிகளுக்கு இடையே புகுந்து கூட்டத்தின் முன்பக்கம் வரை ஏற வேண்டும். ஆறு முறை ஏறினேன். ஏழாவது முறை கூட்டம் போய்விட்டது, நான் பின்தங்கிவிட்டேன். எங்கள் அணித் தலைவர் முதல் பத்துக்குள் முடித்தார். என்னைத் தேடி வந்து, நான் கொடுத்த கடைசிப் போத்தலில் மிச்சமிருந்ததை என் தலையில் ஊற்றினார். அந்த ஈரத்தோடு நின்ற நிமிஷத்துக்காக இன்னொரு பத்து வருஷம்கூட ஓட்டியிருப்பேன்.

ஒப்பந்தம் கைவிட்டுப் போனது. அதில் எனக்கு வருத்தமில்லை. இரண்டு முறை சம்பளமில்லா விடுப்பு கொடுத்து, திரும்பி வந்தபோது அதே மேசையைக் காட்டிய என் மேலதிகாரி அக்காவுக்கு நன்றி. பணம் வாங்காமல் தோளைச் சரிசெய்த பிசியோ நண்பருக்கு நன்றி. ஈரமான சைக்கிளை மின்தூக்கியில் ஏற்றியபோதெல்லாம் ஒதுங்கி இடம் கொடுத்த எங்கள் புளோக் அண்டைவீட்டார் அனைவருக்கும் நன்றி. ஐவரும் பத்துப் பேருமாக விடியற்காலையில் என்னோடு ஓட்டி, என் முறை வரும்போது "நீ பின்னாடி போ, நான் இழுக்கிறேன்" என்ற தோழர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, நாம் வழக்கமாக நிற்கும் அப்பர் தாம்சன் ரோட்டுப் புரோட்டாக் கடையில் இருப்பேன். அம்மா கொழுக்கட்டை கொண்டுவருகிறார். தேநீர் என் கணக்கு. லாரி அண்ணன்மாரும் வந்தால் துண்டைக் கையில் கொடுத்துவிடுவேன்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து உங்கள் தம்பி