பாட்டியின் சர்க்கரையும் பத்து மணிப் பேருந்தும்

ஆசிரியருக்கு,

2021-22 கல்வியாண்டு முதல் எம்.பி.பி.எஸ். மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துக் கவனிக்க வேண்டும் என்கிறது தேசிய மருத்துவ ஆணையம். பல இடங்களில் பிரஷர் பார்த்து, பதிவேட்டை நிரப்பியதோடு சரி.

எனக்குக் கிடைத்த வீட்டில் ஒரு பாட்டி. வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய சர்க்கரைப் பரிசோதனையை அவர் செய்ததே இல்லை. அலட்சியம் என்றுதான் முதலில் நினைத்தேன். சுகாதார நிலையத்துக்கு முதல் பேருந்தே பத்து மணிக்கு. அதுவரை பட்டினி கிடந்தால் தலைசுற்றுகிறது, பழைய சோற்றைக் குடித்துவிடுகிறார்!

அடுத்த கிராம சபையில் இதைச் சொல்லலாம் என்றேன். மனுவை நான் எழுதினேன், பேசியது பாட்டிதான். நான் பேசியிருந்தால் இவ்வளவு எடுபட்டிருக்காது. பேருந்து நேரம் இன்னும் மாறவில்லை. ஆனால் மாதம் ஒருநாள் காலை ஆறரைக்கே செவிலியர் ஊருக்குள் வந்து ரத்தம் எடுக்கிறார்.

தலைமைப் பண்புக்குத் தனி வகுப்பு எடுக்கிறார்கள். கிராம சபைக்கும் ஒருநாள் விடுப்பு கொடுத்து அனுப்பலாமே? அன்றைய வருகைப் பதிவில் எனக்கு ஆப்சென்ட்தான் விழுந்தது.

- மூன்றாம் ஆண்டு மருத்துவ மாணவி, மதுரை.