ரம்ப வீல்களின் குறைபாடும் மறுக்கப்பட்ட உத்தரவாதமும்: புகார் கடிதம்

அனுப்புநர்:
ரசீதில் கண்ட வாடிக்கையாளர்,
கீரமங்கலம் வட்டாரம்,
புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
மேலாண்மை இயக்குநர் அவர்கள்,
மரம் அறுக்கும் இயந்திர உதிரிபாகத் தயாரிப்பு நிறுவனம்,
கோயம்புத்தூர்.

பொருள்: 19 அங்குல பேண்ட் ரம்ப வீல் இணையில் உள்ள உற்பத்திக் குறைபாடும் உத்தரவாத மறுப்பும் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் நிறுவனத்திடம் நான் வாங்கிய 19 அங்குல வார்ப்பிரும்பு ரம்ப வீல்கள் (நாடா போன்ற வளைய பிளேடு சுற்றி ஓடும் சக்கரங்கள்) இரண்டும் தங்கள் விலைப்பட்டியலில் உறுதி கூறப்பட்ட அளவில் இல்லை என்பதைக் கருவி வைத்து அளந்து, படங்களுடன் தங்கள் விற்பனைப் பிரிவுக்கு எழுதியிருந்தேன். வந்த பதில் இரண்டே வரி. வீல்கள் சுயமாகக் கட்டிய இயந்திரத்தில் பொருத்தப்பட்டதால் உத்தரவாதம் செல்லாது என்பது ஒன்று. என் பிரேம் வளைந்திருக்கக்கூடும் என்பது மற்றொன்று. இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. அதற்கான காரணங்களை, முடிவெடுக்கும் பொறுப்பில் உள்ள தாங்களே படித்தறிய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நான் ஐ.டி.ஐ.யில் டர்னர் பிரிவு படித்து, திருச்சி துவாக்குடியில் ஒரு தொழிற்கூடத்தில் நெடுங்காலம் லேத் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஊரோடு வந்து விவசாயம் செய்பவன். எங்கள் பகுதி பலாவுக்குப் பேர்போனது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல் எங்கள் பக்கம் வந்தபோது, தென்னையோடு சேர்ந்து பாட்டன் காலத்துப் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. கதவுக்கும் நிலைக்கும் ஆக வேண்டிய அந்தத் தடிகள், அறுக்க வழியில்லாமல் விறகு விலைக்கு எடை போடப்பட்டதை என் தோட்டத்திலேயே பார்த்தேன். பெரிய தடியை வண்டியில் ஏற்ற கிரேன், டவுனில் உள்ள சா மில் வரை வண்டி வாடகை, அங்கே அறுப்புக்கூலி, பிறகு பலகையைத் திருப்பிக் கொண்டுவரும் செலவு என்று கூட்டிப் பார்த்தால் மரத்தின் விலையைத் தாண்டிவிடுகிறது. தடி கிடக்கும் இடத்துக்கே ரம்பத்தைக் கொண்டுபோவதுதான் இதற்கு வழி. மேலும் வட்ட ரம்பம் ஒவ்வொரு வெட்டுக்கும் 5, 6 மி.மீ. மரத்தைத் தூளாக்கிவிடும், மெல்லிய பேண்ட் பிளேடு எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 2 மி.மீ. மட்டுமே. பத்துப் பலகை அறுத்தால் ஒரு பலகைக்கு மேல் மிச்சம் என்பது பலா போன்ற மரத்தில் லேசான கணக்கன்று.

ஆகவே நானே ஒரு கிடைமட்ட பேண்ட் ரம்ப மில்லைக் கட்டினேன். இரும்புச் சேனலில் பிரேம், தரையில் ஆங்கிளால் ஆன தண்டவாளம், அதன்மேல் கையால் தள்ளும் வண்டி, ரம்பத் தலையை ஏற்றி இறக்க இரு பக்கமும் ஸ்க்ரூ ராடு, 13 குதிரைத்திறன் பெட்ரோல் என்ஜின் ஆகியவை அதன் பாகங்கள். பிளேடு ஒன்றேகால் அங்குல அகலமும் 158 அங்குலச் சுற்றும் கொண்டது. இவற்றில் எதுவும் பிசகினாலும் வெட்டு கோணலாகும், அவ்வளவுதான். வீல் அப்படிப்பட்டதன்று. 19 அங்குல வீல் நிமிடத்துக்கு 1000 சுற்று ஓடும்போது பிளேடு நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில், இழுத்துக் கட்டிய நிலையில், ஆள் நிற்கும் இடத்துக்கு எட்டும் தொலைவில் ஓடுகிறது. பழைய கார் வீலை டயரோடு மாட்டி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். உயிருக்குப் பாதுகாப்பான வழி வேண்டும் என்பதால்தான், அந்த ஒரு பாகத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காமல், ரம்பத்துக்கென்றே செய்த வீலை வாங்கினேன்.

தங்கள் விலைப்பட்டியல் இந்த வீலைப் பற்றிச் சொல்வது நான்கு விஷயங்கள்: விளிம்பின் சுற்றோட்டம் (சுற்றும்போது விளிம்பு ஏறி இறங்கும் அளவு) 0.1 மி.மீ.க்குள் இருக்கும், பிளேடு நழுவாமலிருக்க விளிம்பின் நடுவில் 0.5 மி.மீ. மேடு கடையப்பட்டிருக்கும், வீல் ஓடும் வேகத்திலேயே பேலன்ஸ் செய்யப்பட்டிருக்கும், ‘சொந்தமாக மர மில் கட்டுவோருக்கு ஏற்றது.’ கடைசி வரியைத் தாங்கள் தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் பலகையை அறுத்தபோதே குறை தெரிந்தது. பலகையின் முகத்தில், நீளவாட்டில், சுமார் 6 மி.மீ. இடைவெளியில் அலை அலையாக வரிகள் விழுந்திருந்தன. எட்டடித் தடியை ஏறத்தாழ 25 நொடியில் அறுக்கும் வேகத்துக்கு, வீல் ஒரு சுற்று சுற்றுவதற்குள் வண்டி நகரும் தூரமும் அதே 6 மி.மீ.தான். ஒரு சுற்றுக்கு ஒரு வரி விழுகிறது என்றால் குறை பிளேடின் பல்லிலோ தண்டவாளத்திலோ இல்லை. சுற்றுகிற பாகத்தில் இருக்கிறது. பிளேடைக் கழற்றி வீலைப் பார்த்தேன். பிளேடு உராய்ந்து பளபளப்பான தடம் விளிம்பின் நடுவில் இல்லை. முன் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் ஓடியிருந்தது.

பின்னர் வீல்களைப் பிரேமிலிருந்து இறக்கினேன். தங்கள் அலுவலர் வளைந்திருக்கலாம் என்று சொல்லும் அந்தப் பிரேமுக்கும் இதன்பிறகு நான் எடுத்த அளவுகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வீலின் துளைக்கு இறுக்கமாகப் பொருந்தும் மாண்ட்ரலை (உருளைத் தண்டை) கடைந்து, அதை லேத்தில் இரு சென்டர்களுக்கிடையே பிடித்து, மாண்ட்ரல் மையம் விலகாமல் ஓடுகிறதா என்று முதலில் சரிபார்த்துவிட்டு, விளிம்பில் டயல் கேஜை (நுண்ணிய ஏற்ற இறக்கத்தை முள்ளால் காட்டும் கருவியை) வைத்துக் கையால் மெதுவாகச் சுற்றினேன். ஒரு வீலில் முள் 1.4 மி.மீ. ஏறி இறங்கியது, மற்றதில் 0.3 மி.மீ. இரண்டுமே தங்கள் அளவைத் தாண்டியவை. ஒன்று பதினான்கு மடங்கு தாண்டியது. விளிம்பின் குறுக்கே ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி எதிரே விளக்கைப் பிடித்தால், நடுவில் மேடு இருந்திருந்தால் இரு ஓரங்களிலும் வெளிச்சம் கசிந்திருக்க வேண்டும். எங்கும் கசியவில்லை. விளிம்பு தட்டையாக இருக்கிறது. பேலன்ஸ் விஷயத்துக்கு, மட்டம் பார்த்து வைத்த இரண்டு இணை கம்பிகளின்மேல் வீலை மாண்ட்ரலோடு உருளவிட்டேன். எங்கிருந்து விட்டாலும் சாக்பீஸில் குறித்த அதே இடமே அடியில் வந்து நின்றது. எடை குறைக்கத் துளையிட்ட அடையாளமோ எடை சேர்த்த அடையாளமோ வீலில் எந்த இடத்திலும் இல்லை.

1.4 மி.மீ. என்பது பார்வைக்குச் சிறிது. அது பிளேடுக்கு என்ன செய்கிறது என்பதைத் தங்கள் பொறியாளர்களும் கணக்கிட்டுப் பார்க்கலாம். வீலின் மையம் 0.7 மி.மீ. விலகியிருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் பிளேடு ஓடும் பாதையின் நீளம் 2.8 மி.மீ. கூடிக் குறைகிறது. ஏறத்தாழ 4 மீட்டர் நீளமுள்ள பிளேடில் இது, பிரேம் சிறிதும் விட்டுக்கொடுக்காத பட்சத்தில், சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 140 நியூட்டன் இழுவிசை மாற்றமாக விழுகிறது. இத்தகைய பிளேடுக்குப் பொதுவாகக் கொடுக்கப்படும் டென்ஷனே ஏறக்குறைய இந்த அளவுதான். பிரேமும் தாங்கு ஸ்பிரிங்கும் ஒரு பங்கை வாங்கிக்கொண்டாலும், எஞ்சியது நிமிடத்துக்கு ஆயிரம் தடவை பிளேடைச் சுண்டி இழுக்கிறது. வீலைச் சுற்றி வளையும்போது ஏற்படும் தகைவு இதற்கு மேல் தனியாக இருக்கிறது. பிளேடின் பலவீனமான இடம் அதன் வெல்டிங் இணைப்பு. அங்கேதான் விரிசல் தொடங்கும், தொடங்கியது.

வீல்களை இறக்கி அளப்பதற்கு முன்பே, ஒரு பலாத் தடியின் பாதி வெட்டில் பிளேடு அறுந்தது. 3 மி.மீ. தகட்டால் நான் போட்டிருந்த மூடி அறுந்த முனையைத் தடுத்து நிறுத்தியது. தகட்டில் பல் குத்திய தடம் இன்னும் இருக்கிறது. வண்டியைத் தள்ளிக்கொண்டு என் மகன் நின்ற இடம் அங்கிருந்து ஒரு கை தூரம். அறுந்த பிளேடை வெளிச்சத்தில் பார்த்தபோது, வெல்டிங்கை ஒட்டி அகலத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே கறுத்துப் பழைய விரிசலாகவும், கடைசியில் கொஞ்சம் மட்டுமே புதிதாகப் பளிச்சென்று அறுந்ததாகவும் இருந்தது. திரும்பத் திரும்பச் சுண்டி இழுக்கப்பட்டுக் களைத்து அறுந்த உலோகம் இப்படித்தான் தோன்றும். வேறு கம்பெனியில் வாங்கிய பிளேடிலும் அதே இடத்தில் விரிசல் விட்டதால், பிளேடின் தரத்தைக் குறை சொல்ல இடமில்லை.

இப்போது தங்கள் மறுப்புக்கு வருகிறேன். சொந்தமாக மில் கட்டுவோருக்கு ஏற்றது என்று அச்சிட்டு விற்ற பொருளுக்கு, சொந்தமாகக் கட்டிய மில்லில் மாட்டியதையே காரணமாகக் காட்டி உத்தரவாதத்தை மறுத்தால், அந்த உத்தரவாதம் யாருக்குத்தான் செல்லும்? தனி வீலை வாங்குபவர் அனைவருமே சொந்தமாகக் கட்டுபவர்கள்தாம். இந்த நிபந்தனை விலைப்பட்டியலிலும் இல்லை, ரசீதின் பின்புறத்திலும் இல்லை. புகார் சொன்ன பிறகுதான் முதன்முதலாக வந்தது. என் பிரேமில் குறையே இருப்பதாக வைத்துக்கொண்டாலும், அது வார்ப்பிரும்பு வீலின் விளிம்பிலிருந்த மேட்டை மழித்திருக்க முடியாது. துளையை மையத்திலிருந்து நகர்த்தியிருக்கவும் முடியாது.

தங்கள் அலுவலர் ஒருவர் தொலைபேசியில், ‘லேத் தெரிந்தவர்தானே, நீங்களே ஒரு பிடி கடைந்துகொள்ளுங்கள்’ என்று கூறினார். நல்லெண்ணத்தோடுதான் கூறினார் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் மையம் விலகிய வீலை வட்டமாகக் கடைந்தால் விளிம்பு ஒரு பக்கம் மெலிந்து மறுபக்கம் தடித்து நிற்கும். சுற்றளவு மற்ற வீலோடு ஒத்துப்போகாது. பேலன்ஸ் இன்னும் மோசமாகும். வார்ப்பின் உள்ளே எவ்வளவு கனம் இருக்கிறது என்பதை அறியாமல் அதில் உளி வைப்பது, அந்த வேகத்தில் ஓடும் வீலுக்குச் செய்யத் தகாத வேலை. கடைந்துவிட்டால் உத்தரவாதத்தை மறுக்க உண்மையாகவே ஒரு காரணமும் கிடைத்துவிடும்.

ஆகவே நான் கேட்பவை இவை. இரண்டு வீல்களையும் தங்கள் செலவில் திரும்பப் பெற்று, தங்கள் விலைப்பட்டியல் அளவுக்குள் உள்ள, ஒன்றோடொன்று ஒத்த ஒரு ஜோடி வீல்களை, ஒவ்வொன்றுக்கும் எடுத்த அளவுகள் எழுதிய பரிசோதனைத் தாளுடன் அனுப்ப வேண்டும்; அது இயலாதெனில் ரசீதில் கண்ட முழுத் தொகையையும் லாரி வாடகையோடு திருப்பித் தர வேண்டும். கெட்டுப்போன பிளேடுகளின் விலையையும் தர வேண்டும். இவற்றைவிட எனக்கு முக்கியமானது வேறொன்று. என் வீல்களோடு ஒரே தொகுதியில் வார்த்துக் கடைந்த வீல்கள் யார் யாருக்குப் போயின என்பது தங்கள் பதிவேட்டில் இருக்கும். அவர்களுக்கு எழுதி, வீலை அளந்து பார்க்கும்வரை ஓட்ட வேண்டாம் என்று தாங்கள் தெரிவிக்க வேண்டும். அவர்களில் எத்தனை பேரிடம் டயல் கேஜ் இருக்கும்? எத்தனை பேர் மூடிக்குக் கனத்த தகடு போட்டிருப்பார்கள்?

என் அளவுகளில் ஐயம் இருந்தால் தங்கள் பொறியாளரை அனுப்பலாம். அல்லது இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும், என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் ஒன்றில் அளக்கக் கொடுக்கலாம். குறை இல்லை என்று முடிவு வந்தால் ஆய்வுக் கட்டணத்தை நானே ஏற்கிறேன்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, உறுதியளித்த தரத்திலிருந்து குறைவுபட்ட பொருளைக் குறைபாடுள்ள பொருளாகவே கருதுகிறது. தயாரிப்பு அளவுகளிலிருந்து விலகியதாலோ வெளிப்படையாகக் கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாததாலோ பிறருக்குத் தீங்கு நேர்ந்தால், தயாரிப்பாளர் பொறுப்பேற்க வேண்டும் என்று அதன் 84ஆம் பிரிவு கூறுகிறது. இந்த மரங்களை நான் விற்பனைக்கு அறுக்கவில்லை. என் வீட்டுக்காகவே அறுக்கிறேன். நான் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிட அந்தச் சட்டம் இடம் தருகிறது. இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், புதுக்கோட்டை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு தாக்கல் செய்வேன். அந்த நிலை வரக்கூடாது என்றே விரும்புகிறேன். கோயம்புத்தூரின் வார்ப்படத் தொழில்மீது லேத்காரனாக எனக்குள்ள மதிப்பு பெரிது.

ரசீதின் நகல், விலைப்பட்டியலின் பக்கம், அளவெடுத்தபோது பிடித்த படங்கள், தங்கள் அலுவலகப் பதிலின் நகல் ஆகியவற்றை இத்துடன் வைத்துள்ளேன். வீல்களையும் அறுந்த பிளேடையும் எண்ணெய் தடவி, மாற்றம் எதுவும் செய்யாமல் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். தங்கள் ஆட்கள் வேலை நாளில் எப்போது வந்தாலும் பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ரசீதில் கண்ட வாடிக்கையாளர்.